பூதிகோட்டை முதல் உல்விச் வரை: இரும்பு வாணத்தின் வரலாறும் இயக்கமும்

கோலார் தங்கவயல் என்றதும் பொன்னும், பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிய சுரங்கமுமே நினைவுக்கு வரும். படைக்கருவிகளின் வரலாற்றிலும் அவ்வட்டாரத்திற்கு ஓர் இடம் உண்டு என்பது பலரும் அறியாத செய்தியாகும். தங்கவயலுக்கு அண்மையில், பங்காருப்பேட்டை வட்டத்தில், பூதிகோட்டை என்னும் ஊர் இருக்கிறது. மைசூர் ஆட்சியைத் தம் கையிற் கொண்ட ஹைதர் அலி 1720ஆம் ஆண்டை ஒட்டி அவ்வூரிற் பிறந்தார். அவர் தந்தையார் பத்தே முகம்மது அங்கே காவல் தலைவராக இருந்தவர். ஆற்காட்டு நவாபின் பொருட்டு ஐம்பது வாணக்காரர் கொண்ட ஒரு பிரிவை நடத்தியவர். கோலார் நகரில் அக்குடும்பத்தாரின் கல்லறை மாடம் இன்றும் உள்ளது.

அந்த ஐம்பது பேர் கையாண்ட வாணம், அடுத்த எண்பது ஆண்டுகளில் ஒரு பெரும் படைப்பிரிவின் கருவியாயிற்று; பின்னர் கடல் கடந்து இங்கிலாந்தின் ஆயுதச் சாலையைச் சேர்ந்தது; அங்கே அளவும் கணக்கும் பெற்று ஐரோப்பாவின் போர்க்களங்களில் எரிந்தது. அது எவ்வாறு உருவாயிற்று, எந்த இயற்கை விதியால் இயங்கியது, பிறந்த நாட்டில் ஏன் மறைந்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பள்ளியில் இயற்பியலும் வரலாறும் கற்பிக்கும் ஆசிரியர்க்கும், ஊர்தோறும் சென்று பணியாற்றும் கள ஊழியர்க்கும் இது பயன்படும்.

துப்பாக்கியும் வாணமும்

வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் கலந்த கருமருந்து சீன நாட்டில் முதன்முதல் அறியப்பட்டது. கரியும் கந்தகமும் எரிபொருள்கள். அவை எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை வெடியுப்பு தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே கருமருந்து மூடிய குழாய்க்குள்ளும் எரியும். எரியும்போது மிகுந்த சூடுள்ள வாயுக்கள் திடீரென உண்டாகி, தமக்கு இடம் தேடி எத்திசையிலும் அழுத்துகின்றன. துப்பாக்கி, பீரங்கி, வாணம், பாறையைத் தகர்க்கும் வேட்டு ஆகிய யாவும் இந்த ஓர் அழுத்தத்தையே வெவ்வேறு வகையிற் பயன்கொள்ளுகின்றன.

துப்பாக்கியில் குழாயின் ஒரு முனை மூடியிருக்கும். வாயு குண்டை மறுமுனை வழியே தள்ளும். குண்டு முன்னே பாயும் அதே கணத்தில் துப்பாக்கி பின்னே உதைக்கிறது. சுடுபவன் அந்த உதையைத் தோளில் தாங்கிக்கொள்ளுகிறான். பீரங்கியில் உதை பெரிதாதலால் அதைத் தாங்கக் கனத்த வண்டியும், அதை இழுக்க மாடுகளும் வேண்டியிருந்தன. வாணத்தில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. அங்கே குண்டு என்று தனியே எதுவும் இல்லை. வாயு பின்னே பீறிட்டு வெளியேறுகிறது. அதன் உதையே குழாயை முன்னே செலுத்துகிறது. துப்பாக்கிக்கு வேண்டாத உதைதான் வாணத்திற்கு உயிர். ஒவ்வொரு செயலுக்கும் அதற்குச் சமமான எதிர்ச்செயல் உண்டு என்று 1687ஆம் ஆண்டில் நியூட்டன் வெளியிட்ட மூன்றாம் விதிக்கு இவ்விரண்டும் ஏற்ற எடுத்துக்காட்டுகள்.

உதையைத் தாங்கும் கருவி வேண்டாமையால், வாணத்தை ஏவுவதற்குக் கனமான பீரங்கி தேவையில்லை. ஒரு மனிதன் சில வாணங்களைத் தோளில் சுமந்து, வண்டி செல்லாத மேட்டிலும் தோப்பிலும் நின்று ஏவலாம். ஆனால் துப்பாக்கிக் குழாய் குண்டிற்கு வழிகாட்டுவது போல வாணத்திற்கு வழிகாட்ட ஒன்றுமில்லை. குறி தவறுதல் அதன் பிறவிக் குறை. எளிதில் கொண்டு செல்லத்தக்க சிறப்பும், குறி தவறும் குறையும் அதன் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து காணப்படுகின்றன.

கடலூரில் மறைந்த ஓர் அறிஞர்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை துப்பாக்கி செய்வது கைப்பழக்கமாகவே இருந்தது. குண்டு எவ்வளவு வேகமாகச் செல்லுகிறது என்பதை அளந்தறிந்தவர் இலர். அந்நிலையை மாற்றியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர். அவர் 1742ஆம் ஆண்டில் பீரங்கியியலின் புதிய தத்துவங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தொங்கும் மரக்கட்டையின் மீது குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஊசலாடுகிறது என்று அளந்து, அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். துப்பாக்கிக் குண்டு ஒலியின் வேகத்தையும் மிஞ்சிச் செல்லுகிறது என்பதும், காற்று அதற்குக் கொடுக்கும் எதிர்ப்பு அதுவரை எண்ணியதைவிடப் பன்மடங்கு பெரிது என்பதும் அவர் சோதனைகளால் வெளியாயின. சுவிட்சர்லாந்து நாட்டுக் கணித மேதை ஆய்லர் அந்நூலை 1745ஆம் ஆண்டில் விரிவுரையுடன் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார்.

குழாயின் உட்புறத்தில் திருகு வரிகள் வெட்டினால் குண்டு சுழன்று நேராகச் செல்லும் என்பதன் காரணத்தையும் ராபின்ஸ் விளக்கினார். வாணங்கள் எவ்வளவு உயரம் எழுகின்றன என்றும் அளந்து கட்டுரை எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனியாரின் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைச் சீரமைக்க 1750ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்த அவர், மறு ஆண்டு ஜூலைத் திங்களில் கடலூரை அடுத்த செயிண்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் காலமானார். ஒருபுறம் அளவும் கணக்கும் கற்ற அறிஞர் தமிழகக் கடற்கரையில் மறைந்தார். அங்கிருந்து சில நாள் நடைத் தொலைவில், அளவுக் கணக்கை ஏட்டில் எழுதாத கைவினைஞர் புதியதொரு வாணத்தைச் செய்துகொண்டிருந்தனர். அரை நூற்றாண்டு கழித்து அவ்விரு வழிகளும் உல்விச்சில் ஒன்றுகூடின.

குழாயும் கழியும்

வாணம் இந்தியாவிற்குப் புதிதன்று. அம்பைக் குறிக்கும் பாணம் என்ற சொல்லே தமிழில் வாணம் என்றாகி, எரிந்து பாயும் வெடிக்கும் பெயராயிற்று. கோயில் திருவிழாவில் விடும் வாணத்திற்குக் காகிதமோ மூங்கிலோ குழாயாகும். ஹைதர் அலி காலத்து மைசூரில் அக்குழாய் அடித்துச் செய்த மென்மையான இரும்பினால் ஆனது. இந்த ஒரு மாற்றமே விளையாட்டுப் பொருளைப் படைக்கருவியாக்கியது.

காரணத்தை ஓர் எளிய கணக்கால் அறியலாம். உள்ளே அழுத்தம் உள்ள மெல்லிய குழாயின் சுவர் தாங்கவேண்டிய இழுவிசை, அழுத்தத்தை உள் ஆரத்தால் பெருக்கிச் சுவரின் தடிப்பால் வகுத்தால் கிடைக்கும். கணக்கின் பொருட்டு உள் ஆரம் 27 மில்லிமீட்டர், தடிப்பு 2 மில்லிமீட்டர், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோகிராம் என்று கொள்வோம். சுவரின் மேல் விழும் இழுவிசை சதுர சென்டிமீட்டருக்கு 270 கிலோகிராம் ஆகும். நல்ல தேனிரும்பு ஏறத்தாழ 3,000 கிலோகிராம் வரை தாங்கும். காகிதக் குழாய் அதில் ஒரு சிறு பங்கையே தாங்க வல்லது. ஆகவே காகித வாணத்தில் அழுத்தத்தைக் குறைவாகவே வைத்திருக்க வேண்டும். மீறினால் குழாய் வெடித்துவிடும்.

அழுத்தம் ஏற ஏறக் கருமருந்து விரைந்து எரியும். வாயுவும் மிகுந்த வேகத்துடன் பின்னே பாயும். ஒரே எடையுள்ள மருந்திலிருந்து இரும்புக் குழாய் மிகுந்த உந்துவிசையைப் பெற்றுத் தருவது இதனாலேயே. மேலும் இரும்புக் குழாயினுள் மருந்தை இறுகக் கிட்டிக்கலாம். மழையிலும் வண்டிப் பயணத்திலும் அது எளிதிற் கெடாது. குழாய் செய்வதற்கு வேண்டிய இரும்பு மைசூர் நாட்டிலேயே உருக்கப்பட்டது. மாகடி, சென்னப்பட்டணம் முதலிய இடங்களின் இரும்பு, எஃகுத் தொழிலை, அந்நாட்டில் 1800ஆம் ஆண்டு பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் விரித்து எழுதியுள்ளார்.

உல்விச் பீரங்கிப்படை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த இரண்டு மைசூர் வாணங்களின் அளவுகள் வெளியிடப்பட்டுள்ளன. ஒன்றின் குழாய் 58 மில்லிமீட்டர் குறுக்களவும் 254 மில்லிமீட்டர் நீளமும் உடையது. அது 1.02 மீட்டர் நீளமுள்ள நேரான வாள் அலகுடன் தோல்வாரினாற் பிணைக்கப்பட்டுள்ளது. மற்றொன்றின் குழாய் 37 மில்லிமீட்டர் குறுக்களவும் 198 மில்லிமீட்டர் நீளமும் உடையது, அது 1.9 மீட்டர் நீளமுள்ள மூங்கிற் கழியுடன் கட்டப்பட்டது.

கழியின் பணி யாது? கழியில்லாத குழாயை ஏவினால் அது சுழன்று புரண்டு எங்கோ விழும். பறக்கும் பொருளின் எடைமையம் முன்னேயும், காற்றழுத்தம் தாக்கும் மையம் பின்னேயும் இருந்தால், அது திசை விலகும்போது காற்றே அதைத் திருப்பி நேர்ப்படுத்தும். அம்பின் பின்முனையில் இறகு கட்டுவதும், வாணத்தின் பின்னே நீண்ட கழி கட்டுவதும் இக்காரணத்தாலேயே. கழிக்குப் பதிலாக வாள் அலகைக் கட்டியபோது, அது பறக்கையில் வாலாகவும், விழுகையில் வெட்டும் கருவியாகவும் பயன்பட்டது.

வாணம் செல்லும் தொலைவையும் கணக்கால் மதிப்பிடலாம். மொத்த எடை 2 கிலோகிராம், அதில் மருந்து அரை கிலோகிராம், வாயு வெளியேறும் வேகம் நொடிக்கு 600 மீட்டர் என்று கொள்க. மருந்து எரிந்து முடிந்ததும் வாணத்தின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டராகும். காற்றே இல்லாவிடில் 45 பாகைச் சாய்வில் அது சுமார் 2,900 மீட்டர் செல்லும். காற்றின் எதிர்ப்பு அதைப் பெரிதும் குறைத்துவிடும். மைசூர் வாணங்களிற் சிறந்தவை 2 கிலோமீட்டர் அளவு சென்றன என்னும் குறிப்பு இக்கணக்கோடு பொருந்துகிறது. அக்காலத்துத் துப்பாக்கி நூறு கஜத்திற்கு அப்பால் குறி தப்பியது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

படையும் பயிற்சியும்

நல்ல கருவி இருந்தால் மட்டும் போதாது. அதைக் கையாளும் முறையும் வேண்டும். ஹைதர் அலியின் வாணப்படையில் சுமார் 1,200 பேர் இருந்தனர். திப்பு சுல்தான் காலத்தில் அத்தொகை ஏறத்தாழ 5,000 ஆயிற்று. திப்புவின் படைவிதி நூல், குஷூன் எனப்படும் ஒவ்வொரு படைப்பிரிவிற்கும் 200 வாணக்காரரை ஒதுக்கியது. குழாயின் பருமனையும் இலக்கின் தொலைவையும் கருதி எந்தச் சாய்வில் ஏவ வேண்டும் என்பதில் அவர்கள் பயிற்சி பெற்றனர். பல வாணங்களை ஒருங்கே ஏவும் சக்கர வண்டிகளும் இருந்தன. தனி வாணம் குறி தவறக்கூடும். ஒரே வேளையில் பல வாணங்கள் பாயும்போது அக்குறை ஓரளவு ஈடாகும்.

1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை முற்றிலும் தோற்றது. அதன் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தமை தோல்விக்கு ஒரு பெருங்காரணம். வாணங்களாலேயே அவை தீப்பற்றின என்று பலர் எழுதியுள்ளனர். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இப்போர் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது.

1799ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இரவு, ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அருகில் சுல்தான்பேட்டைத் தோப்பினுள் ஆங்கிலேயரின் 33ஆம் படைப்பிரிவு நுழைந்தது. அதன் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வெலிங்டன் பிரபுவாக வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர். இருளில் வாணங்களும் துப்பாக்கிக் குண்டுகளும் ஒருங்கே பாய்ந்தமையால் அப்படை நிலைகுலைந்து பின்வாங்கியது. மறுநாள் பகலில் ஆங்கிலேயர் அத்தோப்பைக் கைப்பற்றினர்.

வாணத்தின் ஆற்றல் எத்தகையது என்பதை இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன. நெருங்கி நிற்கும் அணியையும், குதிரைகளையும், மருந்து வண்டிகளையும் அது கலக்கியது. கோட்டைச் சுவரைப் பிளக்கவோ, பகலில் சிதறி முன்னேறும் படையைத் தடுத்து நிறுத்தவோ அதனால் இயலவில்லை. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. சுவரைப் பிளந்தவை பீரங்கிகளே. கோட்டையினுள் 600 ஏவுகருவிகளும், ஏவுதற்கு ஆயத்தமான 700 வாணங்களும், மருந்திடாத 9,000 குழாய்களும் கிடைத்தன.

உல்விச்சில் அளவு பெற்ற வாணம்

கைப்பற்றிய வாணங்கள் சில இங்கிலாந்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. உல்விச் அரச ஆயுதச் சாலையின் சோதனைக்கூடத் தலைவருடைய மகன் வில்லியம் காங்கிரீவ், 1804ஆம் ஆண்டை ஒட்டி இதில் ஈடுபட்டார். அவர் முதலில் லண்டனில் விற்ற மிகப் பெரிய வாணங்களை வாங்கிச் சோதித்தார். அவை 600 கஜத்தை மிஞ்சவில்லை. இந்திய வாணங்கள் அதனினும் மிகுந்த தொலைவு சென்றன என்பது தெரிந்திருந்தது. இரும்புக் குழாயை ஏற்று, மருந்தின் கலவையையும் கிட்டிக்கும் முறையையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றிச் சோதித்ததில், 1805ஆம் ஆண்டளவில் 2,000 கஜம் செல்லும் வாணம் அவருக்குக் கிட்டியது.

காங்கிரீவின் சிறப்பு வாணத்தைப் புதிதாகக் கண்டதில் இல்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் அளந்ததிலும், அளந்ததை எழுதியதிலும், எழுதியபடியே ஆயிரக்கணக்கில் ஒரே அளவாகச் செய்ததிலும் அவர் சிறப்புப் பெற்றார். எடைவாரியாக வாண வகைகளை வகுத்துப் படங்களுடன் அச்சிட்டார். உல்விச் இராணுவக் கழகக் கணித ஆசிரியர் வில்லியம் மூர், நியூட்டனின் விதிகளைக் கொண்டு வாணத்தின் இயக்கத்தைக் கணித்து, 1813ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். எரிய எரிய எடை குறையும் பொருளின் இயக்கத்தை ஆராய்ந்த முன்னோடி நூல்களில் அதுவும் ஒன்று.

1806ஆம் ஆண்டில் பூலோன் துறைமுகமும், 1807ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரமும், 1814ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகக் கோட்டையும் காங்கிரீவ் வாணங்களால் தாக்கப்பட்டன. கோபன்ஹேகனில் வாணங்களும் குண்டுகளும் மூட்டிய தீயில் நகரின் ஒரு பகுதி அழிந்தது; படைவீரரல்லாத குடிமக்கள் பலர் மாண்டனர். குறி பார்க்க இயலாத ஆயுதம், இலக்கு எது, இலக்கல்லாதது எது என்று பிரித்தறியாது. மாணவர்க்கு இவ்வரலாற்றைச் சொல்லும்போது இச்செய்தியை விட்டுவிடலாகாது.

1815ஆம் ஆண்டில் காங்கிரீவ் கழியைக் குழாயின் பக்கத்திலிருந்து நடுவிற்கு மாற்றினார். 1844ஆம் ஆண்டில் வில்லியம் ஹேல், வெளியேறும் வாயுவாலேயே வாணம் சுழலும்படி செய்து, கழியை அறவே நீக்கினார். ராபின்ஸ் துப்பாக்கிக் குண்டிற்குச் சொன்ன சுழற்சித் தத்துவம் இங்கே வாணத்திற்கு உதவியது. அதே தத்துவம் பீரங்கிக்கும் உதவிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் திருகுவரிப் பீரங்கிகள் பரவின. அவற்றின் தொலைவிற்கும் குறிக்கும் வாணம் ஈடுகொடுக்க முடியாமற் போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் புதிய எரிபொருள்களும் வழிகாட்டும் கருவிகளும் வந்த பின்னரே அது மீண்டும் தலையெடுத்தது.

33ஆம் படைப்பிரிவும் தங்கவயலும்

சுல்தான்பேட்டையில் வாணத்திற்கு ஆளான அதே 33ஆம் படைப்பிரிவின் அதிகாரி ஒருவர், மூன்றாண்டுகள் கழித்துக் கோலார்ப் பகுதிக்கு வந்தார். அவர் பெயர் ஜான் வாரன். 1802ஆம் ஆண்டு மைசூரின் கிழக்கு எல்லையை அளவிடும் பணியில் இருந்தபோது, அங்கே மண்ணில் பொன் கிடைக்கும் என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. உரிகம், மாரிக்குப்பம் முதலிய ஊர்களின் மக்கள் மண்ணைக் கழுவிப் பொற்றுகள் எடுப்பதை நேரிற் கண்டு அறிக்கை எழுதினார். பின்னர்ச் சென்னை வானாய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். தென்னாட்டுப் பஞ்சாங்கக் கணித முறைகளை விளக்கும் கால சங்கலிதம் என்னும் நூலை 1825ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் எழுதிய அறிக்கையை அச்சில் படித்த லாவெல் என்னும் ஓய்வு பெற்ற படைவீரர், 1870களில் பொன் தேடும் உரிமை கேட்டு வந்தார். 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கங்களை நடத்தலாயினர். எழுதி வைத்த ஒரு குறிப்பு, எழுபது ஆண்டுகள் உறங்கிய பின்னும் ஒரு நகரத்தையே தோற்றுவித்தது. வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அங்கே குடியேறினர்.

போர்க்களத்தில் பயன்பட்ட அதே வாயு அழுத்தம் சுரங்கத்தில் பாறையைப் பிளந்தது. ஆயின் இங்கே வேறுபாடு ஒன்றை அறிதல் வேண்டும். கருமருந்து எரியும்; எரியும் தீ ஓரளவு வேகத்துடன் மருந்தின் வழியே பரவும். ஆல்பிரெட் நோபல் 1867ஆம் ஆண்டில் உரிமை பெற்ற டைனமைட்டு எரிவதில்லை. நொடிக்குப் பல ஆயிரம் மீட்டர் வேகத்தில் ஓர் அதிர்ச்சி அலை அதனூடே பாய்கிறது. முன்னது தள்ளும், பின்னது நொறுக்கும். ஆகவே துப்பாக்கிக்கும் வாணத்திற்கும் டைனமைட்டு பயன்படாது, குழாயே சிதறிவிடும். கடினமான குவார்ட்சுப் பாறைக்கு அதுவே ஏற்றது. கருமருந்தை மையமாகக் கொண்ட பாதுகாப்புத் திரியை 1831ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் பிக்போர்டு செய்தார். திரி சீரான வேகத்தில் எரிவதால், தீயிட்டவன் விலகிச் செல்லப் போதிய நேரம் கிடைத்தது. கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர் பலர் தங்கவயலுக்கு வந்து பணி செய்தவர்கள். வெடிமருந்தின் வரலாற்றில் உயிரை வாங்கியவை போலவே உயிரைக் காத்த அமைப்புகளும் உண்டு என்பதற்கு இத்திரி சான்று. தங்கவயற் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன.

பிறந்த இடத்தில் மறைந்தது ஏன்?

ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் வாணப்படை கலைந்தது. வாணத்திற்கு விலை கொடுத்து வாங்க அரசு இல்லாமையால் பட்டறைகளும் நின்றன. குழாயை எத்தனை முறை அடிக்க வேண்டும், மருந்தை எவ்வளவு இறுக்க வேண்டும், வாயு வெளியேறும் துளை எத்துணை அகலமாக இருக்க வேண்டும் என்னும் நுட்பங்கள் கைவினைஞரின் கையிலும் கண்ணிலுமே இருந்தன. தந்தை மகனுக்குச் செய்து காட்டிய வரை அவை வாழ்ந்தன. செய்யும் வாய்ப்பு நின்றபோது ஒரு தலைமுறைக்குள் மறைந்தன. அச்செய்திகளில் பெரும்பகுதியை நாம் இன்று அறிவது, தோற்றவர் எழுதிய ஏடுகளால் அன்று. வென்றவர் எழுதிய அறிக்கைகளால்தான். பெங்களூரின் பழைய நகரில் தாராமண்டல் பேட்டை என்னும் பெயர் மட்டும் வாணம் செய்த இடத்தின் நினைவாக வழங்கி வந்தது.

மண் மட்டும் சில சான்றுகளைக் காத்து வைத்திருந்தது. சிவமொக்கா மாவட்டத்து நகரா என்னும் ஊரில் 2002ஆம் ஆண்டில் பழைய இரும்பு வாணங்கள் கண்டெடுக்கப்பட்டன. 2018ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அப்பகுதியிலேயே பாழுங் கிணறு ஒன்றைத் தோண்டியபோது ஆயிரத்திற்கும் மேற்பட்ட வாணங்கள் வெளிவந்தன. வெடிமருந்தின் மணம் வீசிய சேற்றைக் கண்டு ஐயுற்றுத் தோண்டியதாலேயே அவை அகப்பட்டன. இரும்பின் தன்மை, மருந்தின் கலவை, துளையின் அளவு ஆகியவற்றை இவற்றைக் கொண்டு நேரே ஆராய இயலும்.

விண்வெளி ஆராய்ச்சியாளர் அப்துல் கலாம் 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்திற்குச் சென்றபோது, வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியத்தைக் கண்டார். வாணம் ஏவும் அவ்வோவியத்து வீரர்கள் மைசூர்ப் படையினர் என்பதை உணர்ந்து வியந்ததைத் தம் வரலாற்றில் குறித்துள்ளார். அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள் கேரளத்தின் தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆராய்ச்சி ராக்கெட்டு எழுந்தது.

கள ஊழியர்க்கு

கிணறு தூர் எடுக்கும்போதும், பழைய கோட்டை மேடுகளில் மண் வெட்டும்போதும் ஒருபுறம் மூடிய துருப்பிடித்த இரும்புக் குழாய்கள் அகப்படலாம். அவற்றைச் சுத்தியால் தட்டுதல், நெருப்பிற் காட்டுதல், துருவைச் சுரண்டுதல் கூடாது. உள்ளே மருந்து எஞ்சியிருக்கக்கூடும். எடுத்த இடம், ஆழம், கிடந்த வரிசை ஆகியவற்றைக் குறித்துப் படம் எடுத்துக்கொண்டு, காவல் நிலையத்திற்கும் மாவட்ட ஆட்சியருக்கும் தொல்பொருள் துறைக்கும் அறிவிக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்கு எடைபோட்டு விற்ற குழாய் சில ரூபாய் தரும். அதனுடன் போகும் செய்தி மீண்டும் கிடைக்காது. முதிய கொல்லரும் வாணக்காரரும் தொழில் நுட்பம் பற்றிச் சொல்லுவனவற்றை அவர்கள் சொல்லிலேயே எழுதி வைத்தலும் நற்பணியாகும்.

ஆசிரியர்க்கு

வகுப்பில் வெடிமருந்து கொண்டு எச்சோதனையும் செய்தலாகாது. உதைவிசையைக் காட்ட ஊதற்பையே போதும். இரு சுவர்களுக்கிடையே நூல் ஒன்றை இறுகக் கட்டி, அதில் ஒரு தாள் குழலைக் கோத்து, காற்றடைத்த ஊதற்பையைக் குழலோடு ஒட்டி வாயை விடுவித்தால், அது நூல் வழியே பாயும். பையில் அடைக்கும் காற்றின் அளவை மாற்றி, அது செல்லும் தொலைவை அளந்து, மாணவர்கள் அட்டவணை எழுதட்டும். பிறகு நூலை நீக்கி அதே பையை விடுவித்தால் அது கண்டபடி சுழலும்; வழிகாட்டி இல்லாத வாணத்தின் நிலை அப்போது விளங்கும்.

பயிற்சி வினாக்கள்

1. துப்பாக்கியின் உதைக்கும் வாணத்தின் ஓட்டத்திற்கும் உள்ள உறவு யாது?

2. இக்கட்டுரையில் கொண்ட குழாயின் சுவர்த் தடிப்பு 1 மில்லிமீட்டராயின், அதே அழுத்தத்தில் சுவர் தாங்கும் இழுவிசை எவ்வளவு?

3. வாணத்தின் கழியைப் பாதியாக வெட்டினால் அதன் போக்கு எவ்வாறு மாறும்? காரணம் கூறுக.

4. கருமருந்து, டைனமைட்டு ஆகியவற்றில் எது வாணத்திற்கு ஏற்றது? ஏன்?

5. உங்கள் ஊரில் இன்றும் கைப்பழக்கமாகவே வழங்கும் ஒரு தொழிலைத் தேர்ந்து, அதில் எழுதி வைக்கப்படாத அளவுகள் மூன்றை அத்தொழிலாளரிடம் கேட்டறிந்து எழுதுக.